கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் அக்கா மூவரும் சுகம், கடையும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது நானும் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறோம். காலுறை நான் சொன்னது இல்லை, எழுதுகிறவள் சேர்த்தது. பேனா யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்ததுதான் சட்டம், நான் என்ன செய்ய.

முதலில் உன் காலேஜ் விஷயம். நீ போனில் சொன்ன அன்றே சந்தோஷப்பட்டாயிற்று, கடைக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, பன்னிரண்டாம் வகுப்பில் உன்னை இரண்டு தடவை பெயிலாக்கிய பள்ளிக்கூடத்து வாசல் வழியாக வேண்டுமென்றே ஒரு தடவை ஸ்கூட்டரில் போயும் வந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்தது. இருபத்தாறு வயதில், பகலெல்லாம் கிடங்கில் நின்று பெட்டி அடுக்கிவிட்டு, சாயங்கால வகுப்புக்குப் போய், பாடத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, பஸ்ஸில் அதையே காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டு ஒரு பெண் இயந்திரப் படிப்புக்கு இடம் வாங்கியிருக்கிறாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வேறொன்று மண்டையைக் குடைகிறது. இடம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பேராசிரியர் ஒரு பம்பைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒரு தட்டில் கொட்டி வைத்து, இதைக் கோர்த்துக் காட்டு என்றார் என்று சொன்னாயே, நீ எதை முதலில் கையில் எடுத்தாய்? இதை நீ சொல்லவே இல்லை. நம் கடைக்கு வருகிற பம்பு மெக்கானிக், எது கேட்டாலும் அரை நிமிஷம் அரை நிமிஷம் என்று பறப்பாரே, அதனால் நாமே அவருக்கு அரை நிமிஷம் என்று பெயர் வைத்தோமே, அவர் சொல்கிறார், சந்தேகமே வேணாம் முதலாளி, தண்டைத்தான் எடுத்திருக்கும், தண்டு இல்லாம எதுல கோர்க்கும் என்று. நான் சொல்கிறேன், அவள் எதையுமே எடுத்திருக்க மாட்டாள், முதலில் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி ஏதாவது குறைகிறதா என்று பார்த்திருப்பாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு வாரமாகச் சண்டை. ஒரு வரி எழுதிப்போடு.

இனி நான் இந்தக் கடிதம் எழுதச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன், போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாய். அந்தப் படிவம். உன்னை அங்கே சோதித்துப் பார்த்தவர்கள் உனக்கு அறிவில் குறை இல்லை, எழுத்தைப் படிக்கிற வேகத்தில்தான் சிக்கல், இப்படிப் பலபேர் இருக்கிறார்கள், பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கலாம் என்று சொன்னார்கள். அந்தப் படிவத்தில் குடும்பத்தார் நிரப்பிக் கையெழுத்துப் போடுகிற பகுதி ஒன்று இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று. போன மாதம் அந்தத் தாளை அனுப்பி நீ கேட்டாய், நான் யோசிக்காமல், நம் வீட்டில் அப்படி யாரும் கிடையாது என்று சொன்னேன். அதற்கு நீ எழுதியிருந்ததை உன் அம்மா எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். வீட்டில் யாருக்குமே இல்லையென்றால் இது என் சோம்பேறித்தனம்தான், மாதிரிப் பரீட்சையில் பாதிக் கேள்வியோடு நேரம் முடிந்துபோனதும் அதனால்தான், சலுகை கேட்டு ஒரு நாற்காலியில் உட்கார எனக்கு இஷ்டம் இல்லை, படிவத்தைக் கொடுக்கப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். முதல் வருஷத்தில் இரண்டு பாடம் போனால் இடமே போய்விடும் என்று அதே கடிதத்தில் கீழே எழுதியிருக்கிறாய். கடைசித் தேதி இருபத்தெட்டு. எட்டு வருஷம் தட்டித் தட்டித் திறந்த கதவை நான் சொன்ன ஒரு வார்த்தையில் நீயே சாத்திக்கொள்ளப் பார்க்கிறாய். அந்த வார்த்தை சரியானதா என்று நான் இந்த மாதம்தான் விசாரித்தேன். எப்படி விசாரிக்க வந்தது என்று சொல்கிறேன், கேள், கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும்.

நான் சரக்கு எடுக்க நாலு நாள் வெளியூர் போயிருந்தேன். உன் அக்கா, ஆபீஸில் லீவு போட்டு, அப்பாவுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கிறேன் என்று கடையைச் சுத்தம் செய்திருக்கிறாள். சுத்தம் என்றால் எப்படி, நானூற்றுப் பன்னிரண்டு பெட்டியையும் துடைத்து, ஒவ்வொன்றின் முகத்திலும் பெயரும் அளவும் நம்பரும் அச்சடித்த வெள்ளைத்தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், பெட்டியில் என்ன இருக்கிறதோ அதில் ஒன்றைச் செம்புக் கம்பியில் கட்டி வெளியே தொங்கவிட்டிருப்போம், போல்ட் பெட்டியில் போல்ட், வாஷர் பெட்டியில் வாஷர், பேரிங் பெட்டியில் பேரிங். நான் அதை ஆரம்பித்தபோது இந்த ஆளுக்கு மரை கழன்றுவிட்டது என்று இந்தத் தெருவே சிரித்தது, பிறகு அவர்களும் கட்டித் தொங்கவிட்டார்கள், அது வேறு கதை. உன் அக்கா வெளியே தொங்கிய மாதிரிகள் எல்லாவற்றையும் அறுத்து ஒரு டின்னில் போட்டுவிட்டாள். காலையில் ஷட்டரைத் தூக்கினேன், சுவர் முழுக்க வெள்ளைவெளேர் என்று பல் வரிசை மாதிரி இருந்தது. பிரமாதம் என்று சொன்னேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தொரு வருஷமாக நான் கட்டிய கடையில் எனக்கு ஒரு நட்டை எடுக்கத் தெரியவில்லை. யாராவது எட்டு மில்லி போல்ட் கேட்டால் ஏணியில் ஏறி ஒவ்வொரு பெட்டியாக இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கூட்டம் நிற்கிறது, நான் மேலே தொங்குகிறேன். ஒரு ஒர்க்‌ஷாப்காரர் கீழே நின்று, என்ன முதலாளி, கடையைப் புதுசா வாங்கினீங்களா, யார்கிட்ட வாங்கினீங்க என்று கேட்டார். பதினோரு மணிக்கு அரை நிமிஷம் போன் பண்ணினார், ரொட்டி சுடுகிற இடத்தில் பம்பு மோட்டார் நின்றுவிட்டது, அறுபத்திரண்டு சைபர் மூணு பேரிங் ரெண்டு வேணும், ஆள் அனுப்பறேன் என்றார். பேரிங் எல்லாம் மூடிய அட்டைப்பெட்டி. வெளியே மாதிரி தொங்கியிருந்தால் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பேன், ஓட்டை பதினேழு மில்லி என்றால் விரல் அடிவரை போகும், பதினைந்து என்றால் நடுக் கணுவில் நின்றுவிடும், எனக்கு அதுதான் நம்பர். அன்று தாளைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். ஆறு, இரண்டு, சைபர், மூன்று எல்லாம் அதில் இருந்தன. மத்தியானம் மனிதர் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். கொடுத்தது அறுபத்துமூன்று சைபர் இரண்டு. மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவருக்குத் தண்டில் ஏறவே இல்லை, அங்கே மாவு பிசைகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது வருஷமா வாங்கறேன், உங்ககிட்டேருந்து ஒரு வாஷர் தப்பா வந்ததில்ல, வயசாயிடுச்சா, இல்ல பொண்ணு காலேஜுக்குப் போற கர்வமா என்றார். நான் கூசாமல், லேபிள் தப்பு, பெரியவள் மாற்றி ஒட்டிவிட்டாள் என்று பழியைத் தூக்கி உன் அக்கா தலையில் போட்டேன்.

சாயங்காலம் அவள் ஆபீஸிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். லேபிளைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. அப்பா, இதை நீங்க படிங்க, எனக்கு எங்க தப்புன்னு புரியல என்றாள். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன், கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, நாங்கள் கடையில்தான் நின்றுகொண்டிருந்தோம். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், பிறகு அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். படிக்கச் சொன்னால் நீ விழிக்கிற மூஞ்சி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் சும்மா இருக்க மாட்டேன், சரக்கைப் பிரித்துப் பார்த்துத்தான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரில் ஒரு பத்தியைக் கத்தரித்து, மழைநீர்க் குழாய் பற்றிய சமாசாரம், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து மூன்று பேரும் தனித்தனியாகப் படித்தோம். உன் அக்கா ஒன்றேகால் நிமிஷம். அம்மா இரண்டு நிமிஷம், அதிலும் நடுவில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நான் பதினான்கு நிமிஷம். அத்தோடு விடவில்லை, மத்தியானம் சாப்பிட்ட பிறகு அதில் என்ன இருந்தது என்று மூன்று பேரையும் சொல்லச் சொன்னேன். அவர்கள் இரண்டு பேருக்கும் பாதி ஞாபகம் இல்லை. நான் குழாயின் விட்டம், வளைவு எத்தனை, எந்த மூலையில் அடைத்துக்கொள்கிறது என்பதுவரை சொன்னேன். உனக்கும் இப்படித்தானா? அங்கே சோதித்தவர்கள் எழுத்து அசைகிறதா என்று கேட்டார்கள் என்றாயே, எனக்கு அசைவதில்லை. ஒரே தட்டில் கொட்டிய வாஷர் மாதிரி இருக்கும், எல்லாம் ஒன்றுபோலவே, ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தால்தான் இது இன்னது என்று தெரியும். உனக்கு எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து இதை நான் உன்னைக் கேட்டதில்லை பார். இன்னொன்றும் யோசித்தேன். பெட்டிக்கு வெளியே மாதிரி தொங்கவிட்டது வாங்க வருகிறவர்களின் வசதிக்கு என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன், நானும் நம்பினேன். அது என் வசதிக்கு.

உனக்கு இது முன்பே தெரியுமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். கல்யாணமாகி மூன்றாவது மாதம் கரண்ட் பில்லை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு, கண் கூசுது, நீயே படின்னு கொடுத்தீங்களே, அன்னைக்கே தெரியும் என்கிறாள். பிறகு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால், நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன் என்கிறாள். இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. நான் இத்தனை நாள் அவளை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லப்போவது அவளுக்கும் தெரியாது, எழுதும்போதுதான் தெரிந்துகொள்ளப்போகிறாள். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், உயரமாக, மெதுவாகப் பேசுவார்களே அவர்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். நீ மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். ஒரு காகிதத்தைக் கொடுத்து, இதைப் படித்துப் பாருங்கள், பிறகு பேசலாம் என்றார்கள். நான் கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டேன் என்றேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. நீ என் பையைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய், பிறகு தரையைப் பார்த்தாய். டீச்சர் அதை மடித்துக் கொடுத்து, வீட்டில் போய் இரண்டு பேரும் படியுங்கள் என்றார்கள். கடையில் உட்கார்ந்து இரண்டு மத்தியானம் படித்தேன். இந்தக் குழந்தை கெட்டிக்காரி, வாய்விட்டுக் கேட்டால் எல்லாம் சொல்கிறாள், கை வேலை பிரமாதம், எழுத்து மட்டும் பிடிபடவில்லை, இதற்குப் பரிசோதனை இருக்கிறது, சீக்கிரம் செய்தால் நல்லது என்று இருந்தது. நான் அதைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வீட்டில் வந்து, பெண் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டுமாம், அவ்வளவுதான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

அப்பா எழுதுகிறேன். கையெழுத்து மாறியது தெரிந்திருக்கும். மேலே உள்ள வரியை எழுதிவிட்டு உன் அம்மா பேனாவை வைத்தாள். எழுந்து போனாள். அது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி.

அந்தக் காகிதம் எங்கே என்று மட்டும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் நின்று படித்தாள். ஒன்றரை நிமிஷம். எனக்கு இரண்டு மத்தியானம் ஆன காகிதம். அப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வருகிறது. பேச்சு வரவில்லை. அது அவள் நியாயம்.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். அதில் இருந்தது உன்னைப் பற்றி. படித்தால் என்னைப் பற்றி. இது கோளாறு என்றால் எனக்கும் கோளாறு. நான் கடை நடத்தவில்லையா, அவளும் நடத்துவாள் என்று நினைத்தேன். உனக்குக் கடை வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. நீ பெயிலானபோது திட்டவும் செய்தேன். அது தெரிந்தே செய்த தப்பு. உன் டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் நேரில் போய்ச் சொல்வேன்.

சலுகை வேண்டாம் என்கிறாய். உனக்குத் தெரிந்த சரக்கை வைத்தே சொல்கிறேன். சாதாரண மரை போல்ட் நாலு சுற்றில் இறுகிவிடும். நெருக்கமான மரைக்கு எட்டுச் சுற்று வேண்டும். அதிர்கிற இயந்திரத்துக்கு எதைக் கேட்டு வாங்குகிறார்கள்? இரண்டாவதைத்தான். எட்டுச் சுற்று சுற்ற விடாமல் நாலில் நிறுத்திவிட்டு, இது பிடிக்கவில்லை என்று தூக்கிப் போடுகிறவனை நீயே திட்டுவாய். படிவத்தில் கேட்பது அந்த மிச்ச நாலு சுற்றுதான். கேள்வி எல்லாருக்கும் ஒன்றேதான்.

என் பகுதியை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்காவது உண்டா என்ற இடத்தில், ஆம், தகப்பனுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டீச்சர் காகிதமும் இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத மூன்று காலை ஆனது. கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் வீதம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட எழுத்தை மட்டும் சொன்னாள். அவள் ஒட்டிய லேபிளும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மாதிரியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருநூற்று எழுபது முடிந்தது. அரை நிமிஷத்திடம் லேபிள் தப்பில்லை, என் தப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் நின்று கேட்டார். அவர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

என்னிடமிருந்து வந்தது என்பதற்காக இதைத் தாங்க முடியாத பாரம் என்று எண்ணாதே. மகளே, நீ எடுத்த காரியம் நிறைவாக முடியட்டும். உனக்கு வேண்டிய நேரம் உனக்குக் கிடைக்கட்டும். தெரிந்துகொள்கிற ஆசை உனக்குக் குறையாமல் இருக்கட்டும். பம்பில் எதை முதலில் எடுத்தாய் என்பதை மறக்காமல் எழுது. எழுதக் கஷ்டமாக இருந்தால் பேசிப் பதிவு செய்து அனுப்பு, நானும் கேட்டுத்தான் புரிந்துகொள்கிற ஆள்.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா எழுதுவது. இன்று காலை உன் அப்பாவோடு பேசினேன். பக்கம் முழுக்க அடித்து அடித்து எழுதியிருக்கிறாரே, சுத்தமாக ஒரு நகல் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார். இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் படிவத்தைக் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தை அதன் மேலேயே வைத்து ஒட்டிக் கொடுக்கச் சொன்னார். பெட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு வெளியிலிருந்தே தெரியட்டுமாம்.